எம்.பி.ஏ. வகுப்பிலிருந்து பணி நியமன ஆணை வரை: ஒரு குறிப்பேட்டோடு தொடங்குங்கள்

இரண்டு ஆண்டு மேலாண்மைப் படிப்பில் சேருகிறவர்களில் பலர், முதல் ஆண்டு முழுவதும் படித்துவிட்டு இரண்டாம் ஆண்டில் வேலை தேடிக்கொள்ளலாம் என்ற கணக்கோடு வருகிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலான கல்லூரிகளில் முதல் சில வாரங்களிலேயே பொய்த்துப் போகிறது. நிதிநிலை அறிக்கை ஒன்றை முழுதாக வாசிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இன்டர்ன்ஷிப்புக்கான நிறுவனங்கள் வந்துவிடுகின்றன. கன்சல்டிங்கா, இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கா, மார்க்கெட்டிங்கா என்று முடிவு சொல்லும்படி ஆகிவிடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் வரும் 8 முதல் 12 வார இன்டர்ன்ஷிப்பில் நன்றாகச் செய்தவர்களுக்கு, அதே நிறுவனம் படிப்பு முடியும் முன்பே நிரந்தர வேலையைத் தர முன்வருவது வழக்கம். ஆக, இரண்டாம் ஆண்டு வேலை இன்டர்ன்ஷிப்பையும், இன்டர்ன்ஷிப் முதல் பருவத்தையும், முதல் பருவம் நீங்கள் சேருவதற்கு முன் ஆயத்தம் செய்ததையும் பொறுத்திருக்கிறது. ஓராண்டுக்குள் முடியும் படிப்புகளில் நெருக்கடி இன்னும் கூடுதல்: பிரான்ஸின் இன்சியாட் மேலாண்மைக் கல்லூரியின் 10 மாதப் படிப்பில், எந்த மாதத்தில் சேருகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இன்டர்ன்ஷிப்புக்கு இடைவெளி கிடைக்கும். எனவே, எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சேர்க்கைக் கடிதம் கிடைத்ததும் முதலில் கேட்டுப் பெற வேண்டியது பாடத்திட்டத்தை அல்ல, வேலைவாய்ப்புப் பிரிவின் நாட்காட்டியை.

நான் மாணவனாக இருந்தபோதும், பிற்காலத்தில் நேர்காணல் நடத்தும் மேசையின் மறுபக்கம் அமர்ந்தபோதும் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். திறமை இல்லாமல் வாய்ப்பை இழந்தவர்களைவிட, தாம் செய்ததை எடுத்துச் சொல்ல முடியாமல் இழந்தவர்களே அதிகம். நல்ல வேலையைச் செய்திருப்பார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்துக் கேட்டால் எண்கள் நினைவில் இருக்காது, ஏன் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தோம் என்பது மறந்திருக்கும், மிஞ்சுவது "குழுவாகச் சிறப்பாகச் செயல்பட்டோம்" என்ற வெறும் வாக்கியம் மட்டுமே. அதனால் என்னிடம் வழி கேட்டு வரும் மாணவர்களிடம் முதலில் ஒரு குறிப்பேடு வாங்கச் சொல்கிறேன். இனி வரும் எல்லாம் அந்தக் குறிப்பேட்டைச் சுற்றியே அமைகின்றன.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது

வாரத்துக்கு ஒரு நாள், 20 நிமிடம் போதும். அந்த வாரம் நீங்கள் எடுத்த ஒரு முடிவை எடுத்துக்கொண்டு நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: நிலைமை என்ன, நான் என்ன முடிவெடுத்தேன், ஏன், அதன் விளைவு என்ன. முடிவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாணவி ஒருவர் எழுதிய குறிப்பு ஒன்று இப்படி இருந்தது:

"மார்க்கெட்டிங் குழுப்பணி. ஐவரில் மூவர் விலையை 10 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். விலை 100, அடக்கச் செலவு 70 என்று வைத்துக் கணக்கிட்டுக் காட்டினேன். விலையை 90 ஆக்கினால் ஒரு பொருளுக்கான லாபம் 30இலிருந்து 20 ஆகிவிடும். பழைய லாபத்தைப் பெற விற்பனை 50 சதவீதம் கூட வேண்டும். குழு மனம் மாறியது. ஆனால் வகுப்பில், போட்டியாளர் விலையைக் குறைத்தால் என்ன செய்வீர்கள் என்று பேராசிரியர் கேட்டார். அதை நான் யோசித்திருக்கவில்லை."

ஏழெட்டு வரிதான். ஆனால் இதில் ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது, கணக்கு இருக்கிறது, பிறர் மனத்தை மாற்றிய விதம் இருக்கிறது, தனது குறையைத் தானே கண்டதும் இருக்கிறது. ஐந்து மாதம் கழித்து, "உங்கள் கருத்தை ஏற்காதவர்களை எப்படி இணங்க வைத்தீர்கள்?" என்று நேர்காணலில் கேட்டபோது அவர் தேடித் திணறவில்லை, அந்தப் பக்கத்தை அப்படியே சொன்னார்.

சேருவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுவது நல்லது. முன்பு வேலை பார்த்தவர் என்றால், அந்த வேலையை விட்டு விலகும் முன் பத்துப் பதினைந்து நிகழ்ச்சிகளை எண்களோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விலகிய பிறகு அந்த எண்களைச் சரிபார்க்க வழியிருக்காது. நிறுவனத்தின் கோப்புகளையோ வாடிக்கையாளர் விவரங்களையோ எடுத்து வரக் கூடாது. உங்கள் பங்கு என்ன, அதனால் எத்தனை சதவீதம் மாறியது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். நேராகக் கல்லூரியிலிருந்து வருகிறவர்கள் விழா நடத்தியது, ஆய்வகத்தில் சோதனை தவறியது, தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது என்று எதிலிருந்தும் தொடங்கலாம்.

வகுப்பறை

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1908இல் தொடங்கப்பட்டது. ஒரு நிறுவனம் சந்தித்த சிக்கலை விவரிக்கும் 'கேஸ்' ஒன்றைப் படித்து வந்து வகுப்பில் விவாதிக்கும் கேஸ் முறை, அங்கே வேரூன்றி, இன்று உலகெங்கும் மேலாண்மைக் கல்லூரிகளில் பரவியிருக்கிறது. அங்கு படிப்பவர்கள் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 500 கேஸ்களைப் படிக்கிறார்கள். சில பாடங்களில் மதிப்பெண்ணில் பாதி வரை வகுப்பில் பேசுவதற்கே ஒதுக்கப்படுவதுண்டு. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது முதலில் தண்டனையாகத் தோன்றும். ஆனால் கேஸ் முறையின் நோக்கம் பேச்சுத் திறமையை அளப்பது அன்று; அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு, ஒரு மேலாளரின் இடத்தில் நின்று, ஒரு முடிவை எடுத்து அதற்குப் பொறுப்பேற்கப் பழக்குவதே.

ஒரு கேஸைக் கதை படிப்பதுபோல முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அடிக்கோடிட்டுப் படிக்கிறவர்கள் நள்ளிரவு வரை விழித்திருந்தும் வகுப்பில் வாய் திறக்க முடியாமல் தவிப்பார்கள். முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் பின்னிணைப்பில் உள்ள அட்டவணைகளையும் முதலில் பாருங்கள். யார் முடிவெடுக்க வேண்டும், எப்போதைக்குள், எதைப் பற்றி என்பது தெளிவான பிறகே நடுப்பகுதிக்குள் நுழையுங்கள். படித்து முடித்ததும், "நான் அவராக இருந்தால் இதைச் செய்வேன், ஏனெனில் இந்த எண்" என்று ஒரே வாக்கியத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வகுப்புக்குப் போங்கள். வகுப்பு முடிந்ததும் அதன் கீழே, எந்த வாதம் உங்கள் எண்ணத்தை மாற்றியது என்று இன்னொரு வாக்கியம் எழுதுங்கள். ஒரு பருவத்தில் இப்படி நாற்பது ஐம்பது சேர்ந்துவிட்டால், உங்கள் சிந்தனை எங்கே வழக்கமாகச் சறுக்குகிறது என்பது உங்களுக்கே புலப்படும். நான் எப்போதும் தேவையைப் பற்றி யோசித்துவிட்டுப் போட்டியாளரை மறந்துவிடுவேன் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

கணக்கியலை மட்டும் ஒத்திப்போடாதீர்கள். மார்க்கெட்டிங் போகிறவருக்கும், மனிதவளத்துக்குப் போகிறவருக்கும், லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்க அறிக்கை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்பது தெரிந்தே ஆக வேண்டும். "இயந்திரத்தின் தேய்மானம் 10 கூடினால் மூன்று அறிக்கைகளிலும் என்ன மாறும்?" என்பது நிதித்துறை நேர்காணல்களில் நெடுங்காலமாகக் கேட்கப்படும் கேள்வி. வரி 30 சதவீதம் என்றால் நிகர லாபம் 7 குறையும். தேய்மானம் கையிலிருந்து போகும் பணம் அல்ல என்பதால் அந்த 10ஐத் திரும்பக் கூட்டும்போது பணம் 3 கூடும். இருப்புநிலைக் குறிப்பில் இயந்திரத்தின் மதிப்பு 10 குறைந்து, பணம் 3 கூடி, மறுபக்கம் ஈட்டிய லாபம் 7 குறைந்து இரண்டு பக்கமும் சமமாகும். இதைத் தாளில் எழுதாமல் சொல்ல முடிகிற நாள் வரை பயிற்சியை விடாதீர்கள்.

மாணவர் மன்றங்களைப் பொறுத்தவரை, இரண்டுக்கு மேல் சேர வேண்டாம். அந்த இரண்டில் ஒன்றிலாவது ஒரு முழு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை உங்கள் பொறுப்பில் எடுத்துச் செய்யுங்கள்.

எந்தத் துறை என்று தெரியாதபோது

இது வெட்கப்பட வேண்டிய நிலை அல்ல. பெரும்பாலானோர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. வகுப்பில் எல்லோரும் கன்சல்டிங்குக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்பதற்காக நீங்களும் விண்ணப்பித்தால், ஒரு பருவம் முழுவதும் பிறருடைய விருப்பத்துக்காக உழைத்ததாகிவிடும். துறையின் பெயரை விட்டுவிட்டு, அந்த வேலையில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று கேளுங்கள். எத்தனை மணி நேரம் எக்செல் தாளில், எத்தனை மணி நேரம் கூட்டங்களில், எத்தனை நாள் வெளியூரில்? விடை தெரிய வேண்டுமென்றால், அந்த வேலையில் இருப்பவர்களிடம் பேசுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இங்கே ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில், அறிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்த அறிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டு 1973இல் முடிவுகளை வெளியிட்டார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் ஏறத்தாழ 17 சதவீதம்தான்; மற்ற அனைவருக்கும் எப்போதாவது அல்லது அரிதாகச் சந்திக்கும் ஒருவர் மூலமே செய்தி வந்திருந்தது. நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவர்களுக்குத்தான் நமக்குத் தெரியாத இடங்கள் தெரியும் என்பது அதன் காரணம். 2022இல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேருக்கு மேல் உள்ளடக்கிய சோதனைகளின் முடிவுகள் வெளியானபோதும் இதே திசையில்தான் விடை வந்தது: மிக நெருக்கமும் இல்லாமல், முற்றிலும் அந்நியமாகவும் இல்லாமல் இடைப்பட்ட அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின. முன்னாள் மாணவர்கள் அந்த இடைப்பட்ட அறிமுகங்களில் வருகிறவர்கள். அவர்களுக்கு எழுதத் தயங்காதீர்கள்.

ஆனால், "உங்கள் நிறுவனத்தில் வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்" என்று தொடங்கும் மடலுக்குப் பதில் வருவது அரிது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். நான் நம் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் சரக்குப் போக்குவரத்தில் பணியாற்றினேன். நீங்களும் அத்துறையிலிருந்து மென்பொருள் தயாரிப்பு மேலாண்மைக்கு மாறியிருப்பதைக் கண்டேன். அந்த மாற்றத்தில் பழைய அனுபவத்தில் எது கைகொடுத்தது, எதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது என்று உங்களிடம் கேட்டறிய விரும்புகிறேன். அடுத்த இரண்டு வாரங்களில் உங்களுக்கு வசதியான நாளில் 20 நிமிடம் பேச இயலுமா?"

மடல் அவரைப் பற்றியது, கேள்வி குறிப்பானது, கேட்கும் நேரம் குறைவு. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். பேசிய அன்றே நன்றி எழுதுங்கள், அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் பெயர், தேதியோடு பதியுங்கள். அவர் பரிந்துரைத்ததைச் செய்து பார்த்த பிறகு, என்ன ஆயிற்று என்று இரண்டு வரி எழுதினால் அவர் உங்களை மறக்க மாட்டார்.

ரெஸ்யூமே

ஒரு பக்கம். எளிய வடிவம். பல நிறுவனங்களில் முதலில் வாசிப்பது மென்பொருள் என்பதால் படங்களும் கட்டங்களும் வேண்டாம். வேலை அறிவிப்பில் உள்ள சொற்களில் உங்களுக்கு உண்மையாகவே பொருந்துபவை ரெஸ்யூமேயிலும் இருக்கட்டும். இவை எல்லோரும் சொல்வதுதான். நேரம் செலவழிக்க வேண்டியது ஒவ்வொரு வரியிலும். நான் திருத்தக் கண்ட ஒரு வரி முதலில் இப்படி இருந்தது:

"விற்பனைக் குழுவில் இணைந்து பல்வேறு பொறுப்புகளைத் திறம்பட நிறைவேற்றினேன்."

எழுதியவரிடம் என்ன பொறுப்பு என்று கேட்டேன். கிளைகளிலிருந்து திரும்பி வரும் சரக்கைப் பற்றிய அறிக்கை தயாரிப்பது என்றார். அறிக்கையில் என்ன கண்டீர்கள்? பாதிக்கு மேல் அளவுக் குறியீடு தவறாக ஒட்டப்பட்டதால் திரும்பியவை. பிறகு? ஒட்டும் முறையை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். அதனால்? திரும்பி வருவது குறைந்தது. எவ்வளவு? அவர் தன் பழைய குறிப்புகளைப் புரட்டிவிட்டு வந்தார். வரி இப்படி ஆயிற்று:

"14 கிளைகளிலிருந்து திரும்பிய சரக்கை மூன்று மாதம் ஆராய்ந்து, பாதிக்கு மேல் தவறான அளவுக் குறியீட்டால் திரும்பியவை எனக் கண்டறிந்தேன், நான் பரிந்துரைத்த புதிய ஒட்டும் முறையால் திரும்பும் சரக்கு 9 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது."

இரண்டாவது வரியில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. உண்மை முழுவதும் அவரிடமே இருந்தது. ஐந்து கேள்விகள் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவே. அந்தக் கேள்விகளை உங்கள் ரெஸ்யூமேயின் ஒவ்வொரு வரியிடமும் கேளுங்கள். விடை இல்லாத வரிகளை நீக்கிவிடுங்கள். ஒரு போதும் எண்ணைப் புனையாதீர்கள்: நேர்காணல் செய்கிறவர் "அந்த 9 சதவீதம் எப்படிக் கணக்கிட்டது?" என்று கேட்கும் கணத்தில் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

நேர்காணல்

அனுபவக் கேள்விகளுக்கான முறை பலருக்கும் தெரிந்ததுதான்: நிலைமை, பணி, செயல், விளைவு என்ற வரிசையில் இரண்டு நிமிடத்துக்குள் சொல்வது. பெரும்பாலோர் நிலைமையை விவரிப்பதிலேயே ஒன்றரை நிமிடத்தைக் கழித்துவிடுகிறார்கள். நேரத்தில் பாதிக்கு மேல் செயலுக்குக் கொடுங்கள். "நாங்கள்" என்ற சொல்லையும் கவனியுங்கள். பணிவின் காரணமாக நம்மில் பலர் எல்லாவற்றையும் "நாங்கள் செய்தோம்" என்போம். கேட்கிறவருக்கு அதில் உங்கள் பங்கு தெரியவே தெரியாது. குழு செய்ததைக் குழுவுக்குக் கொடுங்கள், நீங்கள் செய்ததை "நான்" என்று சொல்லுங்கள். அது தற்பெருமை ஆகாது. தோல்வியைப் பற்றிக் கேட்டால் உண்மையான தோல்வியைச் சொல்லுங்கள்; "நான் அளவுக்கு அதிகமாக உழைப்பவன்" என்பதைக் கேட்டுக் கேட்டு நேர்காணல் செய்வோர் சலித்துப் போயிருக்கிறார்கள்.

வணிகச் சிக்கல் ஒன்றைக் கொடுத்து அங்கேயே வாய்விட்டு விடை தேடச் சொல்லும் கேஸ் நேர்காணலைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கேள்வி இது: "லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் வருமானம் மாறவில்லை. லாபம் மட்டும் இரண்டு ஆண்டாகச் சரிகிறது. ஏன்?" மனப்பாடம் செய்த சட்டகம் ஒன்றை எடுத்து விரிக்கும் ஆசை எழும். ஒரு துறையின் போட்டியைத் தீர்மானிப்பவை என 1979இல் மேலாண்மை அறிஞர் மைக்கேல் போர்ட்டர் வகுத்த ஐந்து விசைகள் தொழில்துறையின் போக்கை அறிய நல்ல கருவிதான். ஆனால் இந்தக் கேள்விக்கு அது தேவையில்லை. வருமானம் மாறவில்லை என்றால் செலவு கூடியிருக்கிறது. பராமரிப்பு நிறுவனத்தில் பெரிய செலவு ஆட்கள். எனவே எத்தனை லிஃப்ட், எத்தனை ஆள் என்று கேட்பதே அடுத்த படி. 12,000 லிஃப்ட், 200 தொழில்நுட்பர்கள் என்று விடை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாய்விட்டுக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு லிஃப்டுக்கும் மாதம் ஒரு முறை பராமரிப்பு என்றால் மாதத்துக்கு 12,000 வருகை. ஒருவர் நாளுக்கு 5 என்று 20 நாள் வேலை செய்தால் மாதம் 100 வருகை. ஆக 120 பேர் போதும். மீதி 80 பேர் என்ன செய்கிறார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் நேர்காணல் செய்பவர் நிமிர்ந்து உட்காருவார். அவர்கள் பழுது அழைப்புகளுக்குப் போகிறார்கள். ஒரு லிஃப்ட் சராசரியாக ஆண்டுக்கு 4 முறை பழுதாகிறது, ஒவ்வொரு பழுதும் பராமரிப்பைப் போல் இரு மடங்கு நேரம் எடுக்கிறது. ஆண்டுக்கு 48,000 பழுது, மாதத்துக்கு 4,000, இரு மடங்கு நேரம் என்பதால் 8,000 வருகைக்குச் சமம், அதற்கு 80 பேர். கணக்கு பொருந்துகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழுது எத்தனை என்று கேட்டால் 2 முறை என்கிறார். அப்போது 40 பேர் போதுமாக இருந்தது. ஆக, அதே வருமானத்துக்கு இன்று 40 பேர் கூடுதலாக வேலை செய்கிறார்கள். ஏனெனில் லிஃப்டுகள் பழையனவாகிவிட்டன, ஒப்பந்தமோ எத்தனை முறை பழுதானாலும் ஒரே கட்டணம் என்று இருக்கிறது. அடிக்கடி பழுதாகும் பாகங்களை மாதப் பராமரிப்பின்போதே மாற்றிவிடலாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது லிஃப்டின் வயதுக்கேற்பக் கட்டணம் வைக்கலாம். பரிந்துரையை இந்த இரண்டோடு நிறுத்துங்கள். எது முதலில் என்று சொல்லுங்கள்.

இங்கே பயன்பட்டது பெருக்கல், வகுத்தல், ஒரு நல்ல கேள்வி ஆகியவை மட்டுமே. இவற்றை ஒரு நண்பரோடு எதிரெதிரே அமர்ந்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு, இருபது முப்பது முறை பழக வேண்டும். தனியாகப் படிப்பது நீச்சலைப் புத்தகத்தில் படிப்பது போலாகும்.

நேர்காணல் காலத்தைப் பற்றி இன்னொன்று. ஒரே வாரத்தில் அறைத்தோழருக்கு மூன்று நிறுவனங்களிலிருந்து ஆணை வந்து, உங்களுக்கு ஒன்றும் வராமல் இருக்கலாம். அந்த வாரத்தின் வலி உண்மையானது. அதை யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது. வகுப்பின் குழு உரையாடல்களை அந்த நாள்களில் அணைத்து வையுங்கள், தூக்கத்தைக் குறைக்காதீர்கள், நம்பிக்கையான ஒருவரிடம் தினமும் பேசுங்கள். தாங்க முடியவில்லை என்று தோன்றினால் கல்லூரியின் மனநல ஆலோசகரிடம் அன்றே செல்லுங்கள். நிராகரித்த நிறுவனத்திடம் காரணம் கேட்கலாம். சில சமயம் பதில் வரும், அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

இன்டர்ன்ஷிப்

என் இன்டர்ன்ஷிப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பத்து வாரம். விநியோகஸ்தர்களின் செயல்பாட்டை மதிப்பிடும்படி சொன்னார்கள். நான் உடனே தரவைத் திரட்டத் தொடங்கி, ஆறு வாரம் உழைத்து, விநியோகஸ்தர்களைத் தரவரிசைப்படுத்தும் விரிவான மாதிரி ஒன்றை உருவாக்கினேன். ஏழாம் வாரம் அதைக் காட்டியபோது மேலாளர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "எந்த விநியோகஸ்தரை விலக்குவது என்று எங்களுக்கு முன்பே தெரியும், விலக்கினால் அந்தப் பகுதியில் யார் விற்பார்கள் என்பதுதானே கேள்வி?" என்றார். அவர் மீது எனக்குக் குறை இல்லை. முதல் வாரத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மீதி மூன்று வாரத்தில் முடிந்ததைச் செய்தேன். அந்த நிறுவனத்திடமிருந்து நிரந்தர வேலை வரவில்லை.

ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு பக்கத்தில் மூன்றை எழுதி மேலாளரிடம் காட்டுங்கள்: நான் விடை காணப்போகும் கேள்வி இது, அந்த விடையை வைத்து நீங்கள் எடுக்கப்போகும் முடிவு இது, இதில் நான் தொடாத பகுதி இது. அவர் அதைத் திருத்துவார். அந்தத் திருத்தம்தான் உங்களுக்கு வேண்டியது. இரண்டாம் வாரம் முடிவதற்குள், கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும், இறுதி அறிக்கை எப்படி இருக்கும் என்ற வெற்று வரைவை உருவாக்கிவிடுங்கள். பாதி நாளில் நீங்களே கேட்டு ஒரு மதிப்பீட்டைப் பெறுங்கள். கடைசி நாளில் கிடைக்கும் கருத்தால் எதையும் திருத்திக்கொள்ள முடியாது.

எக்செல் தாளைச் சரிபார்ப்பதை அற்பமாக நினைக்க வேண்டாம். அரசுக் கடனையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றி பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகியோர் 2010இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், சராசரி எடுக்கும் சூத்திரம் சில வரிகளைத் தவறவிட்டிருந்தது. 20 நாடுகளில் அகரவரிசையில் முதலில் வந்த 5 நாடுகள் கணக்கிலேயே சேரவில்லை. அதைக் கண்டுபிடித்து 2013இல் தம் ஆசிரியர்களோடு சேர்ந்து வெளியிட்டவர் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர்; வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது அது அகப்பட்டது. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு தாளிலும் மொத்தத் தொகையை வேறு ஒரு வழியில் ஒரு முறை கூட்டிப் பாருங்கள், சூத்திரம் கடைசி வரி வரை எட்டுகிறதா என்று பாருங்கள், எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை அருகிலேயே எழுதுங்கள். நீங்கள் போன பிறகு அந்தத் தாளைத் திறக்கும் ஒருவருக்கு உங்களைத் தொலைபேசியில் அழைக்கத் தேவை இருக்கக் கூடாது.

பணி நியமன ஆணை வந்த பிறகு

அறிவிக்கப்படும் மொத்த ஊதியம் வேறு, மாதந்தோறும் கைக்கு வருவது வேறு. மொத்தத்தில் செயல்பாட்டைப் பொறுத்து வரும் தொகை, காப்பீடு, ஓய்வுக்கால நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு ஆகியவையும் கூட்டப்பட்டிருக்கும். சேரும்போது ஒரு முறை தரும் தொகையை, ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம், பணி இடம், போட்டி நிறுவனத்தில் சேரத் தடை ஆகிய மூன்றையும் கையெழுத்திடும் முன் வாசியுங்கள். புரியாததை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்பதால் ஆணையைத் திரும்பப் பெறுகிற நிறுவனம் அரிது.

கல்விக்கடன் இருந்தால், அதன் தவணையைக் கழித்துவிட்டு ஊதியத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் 7 ஆண்டுக் கடன் என்றால், மாதத் தவணை கடன் தொகையில் ஏறத்தாழ 1.66 சதவீதம், முடிவில் நீங்கள் கட்டியிருப்பது கடனைப் போல் சுமார் 1.4 மடங்கு. இரண்டு வாய்ப்புகள் கையில் இருக்கும்போது, மனத்துக்குப் பிடித்ததில் ஊதியம் குறைவு என்றால், அந்தக் குறைவைத் தவணையோடு ஒப்பிட்டு எத்தனை ஆண்டு தாங்கும் என்று கணக்கிடுங்கள். ஊதியத்தைப் பேச வேண்டுமென்றால் கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம், "இந்தப் பணியில் சேர விரும்புகிறேன், என்னிடம் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது, அடிப்படை ஊதியத்தை மறுபரிசீலனை செய்ய இயலுமா?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். இல்லாத வாய்ப்பை இருப்பதாகச் சொல்லாதீர்கள்.

ஓர் ஆணையை ஏற்றுக்கொண்டால் அதோடு நிறுத்துங்கள். ஏற்ற பிறகு இன்னொன்று வந்தது என்று பின்வாங்குவதால், உங்களுக்குப் பின் அந்தக் கல்லூரியிலிருந்து வருகிறவர்களை அந்த நிறுவனம் தயக்கத்தோடு பார்க்கும். கையெழுத்திட்ட அன்றே மற்ற நிறுவனங்களுக்கெல்லாம் எழுதி உங்கள் விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுங்கள், வேலைவாய்ப்புப் பிரிவுக்கும் தெரிவியுங்கள். நாளை என்று தள்ளிப்போட வேண்டாம்: காத்திருப்புப் பட்டியலில் உங்களுக்கு அடுத்துள்ள பெயர், கேஸ் பயிற்சிக்காக உங்கள் எதிரே அத்தனை மாலைகள் அமர்ந்திருந்தவருடையதாக இருக்கலாம்.